கடலைக் கற்றலும் கடலைக் காத்தலும்: இறுப்பிட்டிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

தோற்றுவாய்

கடல்வளப் பாதுகாப்பு இன்று தனியொரு கற்கைத் துறையாக வளர்ந்துள்ளது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியாக மட்டுமன்றி, விடுமுறைக் காலத்திலே சில கிழமைகள் கடற்கரை ஆய்வு நிலையமொன்றில் தங்கிப் பயிலும் கோடைகாலத் தீவிரக் கற்கைநெறியாகவும் அது பல நாடுகளில் நடத்தப்படுகின்றது. காலையிற் களவேலை, பிற்பகலில் ஆய்வுகூடம், இரவில் விரிவுரை என நீண்ட பாடமொன்றைக் குறுகிய காலத்தினுட் செறித்துத் தருவது அதன் இயல்பு. இக்கற்கைநெறி எச்சூழலிலே தோன்றியது, எதனைக் கற்பிக்கின்றது, எதனைக் கற்பியாது விடுகின்றது என்னும் மூன்று வினாக்களை எழுப்பி, அவற்றைப் பாக்குநீரிணைக் கடலின் நிலைமைகளோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன அலுவல் என்ற ஐயம் எழலாம். நெய்தல் என்பதனைப் பண்டைத் தமிழிலக்கண நூலார் வெறும் நிலப்பகுதியாகக் கொள்ளவில்லை. நிலமும் பொழுதும், அந்நிலத்து உயிர்களும் உணவும் மக்களும் அவர்தம் தொழிலும் ஒருசேர வைத்து எண்ணப்பட்டதே திணைக் கோட்பாடு. கடலை அதில் உழைப்போரிடமிருந்து பிரித்து நோக்கவியலாது என்னும் உண்மை அக்கோட்பாட்டினுள் உறைந்துள்ளது. இன்றைய கடற்கல்வியோ பெரும்பாலும் அப்பிரிப்பையே தனது தொடக்கமாகக் கொண்டுள்ளது. அதனாலேயே இவ்விடயம் எமது கவனத்துக்குரியதாகின்றது.

இறுப்பிட்டி, புங்குடுதீவின் ஊர்களுள் ஒன்று. வேலணையிலிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் வாணர் பாலம் இத்தீவை யாழ்ப்பாணத்துடன் தரைவழியாக இணைக்கின்றது. குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. தீவகத்தைச் சூழ்ந்த கடலிற் பெரும்பகுதி ஆழங்குறைந்த பரவைக்கடல். மரக்கோலால் தாங்கிச் செல்லும் வள்ளங்களும், களங்கட்டி, சிறகுவலை, கூடு முதலிய கருவிகளும் இவ்வாழமின்மையின் வழிவந்தவை. கரையிலொதுங்கும் சாதாழை தோட்டங்களுக்கு உரமாகப் பயன்பட்டு வந்தமையால், கடலின் விளைவு மீனவர் வீட்டோடு மட்டும் நின்றதில்லை. இங்கு கடல் பாழ்படுமாயின் அது ஒரு முழுச் சமூகத்தின் வாழ்க்கையையும் தாக்கும்.

தீவிலே தொடங்கிய ஒரு கல்விமுறை

கடற்கரையிலே கோடைகாலக் கல்வி என்னும் எண்ணத்துக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1872இல் ஜெர்மானியரான அன்ரன் டோர்ண் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலே கடலுயிரியல் நிலையமொன்றை அமைக்கத் தொடங்கினார். 1873ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் கரையையடுத்த பெனிக்கீஸ் என்னும் சிறுதீவில் லூயி அகாசி ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஜோன் அண்டர்சன் என்னும் வணிகர் அத்தீவையும் ஐம்பதினாயிரம் டொலரையும் அதற்கு அன்பளிப்புச் செய்தார். ஏறத்தாழ ஐம்பது மாணவர் சேர்ந்தனர். பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர். பெண்களும் அவர்களிடையே இருந்தனர். நூலை மூடிவைத்து உயிரினத்தையே நேரிற் கற்றல் என்பது அப்பள்ளியின் கொள்கை. அவ்வாண்டு இறுதியில் அகாசி காலமானார். அடுத்த ஆண்டோடு பள்ளியும் முடிவுற்றது. எனினும் அதன் தாக்கம் 1888இல் வூட்ஸ் ஹோலில் அமைந்த கடலுயிரியல் ஆய்வுகூடத்தில் தொடர்ந்தது. பின்னாளிற் சூழலியற் சிந்தனையிலே பெருந்தாக்கம் விளைத்த றேச்சல் கார்சன் 1929ஆம் ஆண்டுக் கோடையில் அங்கேதான் கடலை முதன்முறையாக நெருங்கிக் கற்றார்.

பள்ளி ஆசிரியருக்கும் பெண்களுக்கும் ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்தமை முற்போக்கானதொரு செயலென்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் மறுபக்கமும் நோக்கற்பாலது. வணிகரின் கொடையாற் பெற்ற ஒதுக்கமான தீவு, வெளியிலிருந்து வந்து செல்லும் மாணவர், கடலை மாதிரிகளின் களஞ்சியமாகக் காணும் பார்வை ஆகியன இக்கல்விமுறையின் பிறப்போடு ஒட்டியவை. அகாசி டார்வினின் கூர்ப்புக் கொள்கையை இறுதிவரை எதிர்த்தவர்; மனித இனங்கள் வெவ்வேறாகப் படைக்கப்பட்டவை என்ற நிறவாதக் கருத்துக்கு அறிவியற் போர்வை அளித்தவர். இயற்கையை உன்னிப்பாக நோக்குதல் என்பது மட்டும் சமூகம் பற்றிய சரியான நோக்கைத் தந்துவிடாது என்பதற்கு அவரே போதிய சான்று.

இதே காலப்பகுதியில் இங்கிலாந்தில் நிகழ்ந்ததொன்று எமது விவாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. 1863இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழுவின் முன் கரையோர மீனவர் பலர் தோன்றி, அடித்தளத்தை வாரும் இழுவைமடியினாற் குஞ்சுமீன்கள் அழிகின்றன என முறையிட்டனர். ஆணைக்குழுவில் இடம்பெற்ற உயிரியலறிஞர் ரி. எச். ஹக்ஸ்லி உள்ளிட்டோர் அம்முறைப்பாட்டை ஏற்கவில்லை. 1866இல் வெளியான அறிக்கை, இருந்த கட்டுப்பாடுகளையும் நீக்குமாறு பரிந்துரைத்தது. 1883இல் இலண்டனிலே நடந்த சர்வதேச மீன்பிடிக் கண்காட்சியில், பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என ஹக்ஸ்லி உரைத்தார். 1900ஆம் ஆண்டிலே வோல்ற்றர் கார்ஸ்ராங் பிடிபாட்டுக் கணக்குகளைக்கொண்டு மீன்வளம் குன்றி வருவதை எடுத்துக்காட்டினார். மீனவர் கூறியதை விஞ்ஞானம் ஏற்றுக்கொள்ள ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட காலம் சென்றது. அவ்விடைக்காலத்திலே நீராவி இழுவைக்கப்பல்கள் வடகடலெங்கும் பரவிவிட்டன. தடையற்ற போட்டி என்னும் முதலாளித்துவக் கோட்பாடு அக்காலத்துக் கடலியலின் முடிவுகளிற் படிந்திருந்தமை தற்செயலன்று.

எமது கடலிற் கடலியல்

இலங்கைக்குக் கடலியல் வந்ததும் குடியேற்றவாத அரசின் வருமானத் தேவையை ஒட்டியே. மன்னார்க் குடாவின் முத்துப்பார்கள் பல ஆண்டுகளாகப் பொய்த்தமையால், காரணங்காணும் பொருட்டு லிவர்ப்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹெர்ட்மன் 1902ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இங்கு வந்தார். அவர் சில மாதங்களே தங்கினார். உடன்வந்த ஜேம்ஸ் ஹோர்னல் தொடர்ந்து பணிபுரிந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அறிக்கை அறிவியல் நோக்கிற் பெறுமதி மிக்கது. ஆயின் அறிக்கை நிறைவுற்ற 1906ஆம் ஆண்டிலேயே முத்துப்பார்கள் இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907க்குப் பின்னர் நெடுங்காலம் அங்கு முத்துக்குளிப்பு நிகழவில்லை. பாரின் நிலையைத் தம் மூச்சாலும் உடலாலும் அறிந்திருந்த குளிகாரர் அவ்வாய்விலே கூலியாளராக இடம்பெற்றனரேயன்றி அறிவாளராக இடம்பெறவில்லை.

விடுதலைக்குப் பிந்திய காலத்திலும் இப்போக்கு முற்றாக மாறவில்லை. 1947இல் நிறுவப்பட்ட இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை பாக்குநீரிணையை அடுத்த மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அந்நிலையம் நடத்திய கோடைகாலப் பயிலரங்குகள் எமது பொருளுக்கு மிக அண்மித்தவை. 1977இல் இறால்களின் இனப்பெருக்கமும் வளர்ப்பும், 1980இல் உண்ணத்தகு மெல்லுடலிகளின் வளர்ப்பு, 1983இல் இறாற்குஞ்சு உற்பத்தி என ஏறத்தாழ ஒரு மாத காலத் தீவிரப் பயிற்சிகளாக அவை அமைந்தன. தலைப்புகளே காலத்தின் போக்கை உணர்த்துவன: அன்று கோடைகாலத்திற் கற்கப்பட்டது கடலைக் காத்தலன்று, கடலின் உற்பத்தியைப் பெருக்குதலே. ஏற்றுமதிச் சந்தையில் இறால் பெற்ற பெருவிலை அதன் பின்புலம். உற்பத்திப் பெருக்கத்தின் விளைவுகள் வெளிப்பட்ட பின்னரே பாதுகாப்பு என்னுஞ் சொல் பாடத்திட்டங்களில் முதன்மை பெற்றது.

கற்பிக்கப்படுவது யாது?

இன்றைய கற்கைநெறிகளில் முதலிற் பயிற்றப்படுவது அளத்தல். கடற்புற்படுகையின் மேல் ஐம்பது மீற்றர் நீள நாடாவை விரித்து, ஐந்து மீற்றருக்கு ஒருமுறை அரை மீற்றர்ச் சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் எத்தனை விழுக்காடு புல் மூடியுள்ளது, எவ்வகைப் புல், என்ன உயரம் எனக் குறித்துக்கொள்வர். செலவு குறைந்த, யாவரும் பயிலத்தக்க முறை இது. ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கு இப்புல்லே உணவு. இறாலுக்கும் பலவகை மீன்குஞ்சுகளுக்கும் இதுவே தொட்டில்.

அடுத்துப் பயிற்றப்படுவது மீன்வளக் கணிப்பு. ஒரு படகு ஒரு நாள் உழைத்துப் பெறும் மீனின் அளவை முயற்சியலகுக்குரிய பிடிபாடு என்பர். அது குறைந்து செல்லின் கடலில் மீன் குறைகின்றது எனக் கொள்வர். இவ்வளவையின் வரம்பை விளங்கிக்கொள்ளுதல் அவசியம். இயந்திரத்தின் வலு கூடினாலோ வலையின் கண் சிறுத்தாலோ, மீன் அருகிவரும் கடலிலும் ஒரு நாட் பிடிபாடு மாறாதிருக்கும். கணக்கிலே வீழ்ச்சி தோன்றும் வேளையிற் கடல் ஏற்கெனவே வறிதாகியிருக்கும். பிடிபாட்டில் எத்தனை பங்கு முட்டையிடும் பருவம் எய்தாத மீன் என்பதை இறங்குதுறையில் மீன் தெரிக்கும் பெண் கண்ட மாத்திரத்தே அறிவார். அவரது கூற்றை அட்டவணையிற் பதிவதற்கு நிரல் இல்லை.

மூன்றாவது, அதியுயர் நீடித்த விளைச்சல் என்னும் கருத்து. ஒரு மீனினம் தன்னை மீளப் பெருக்கிக்கொள்ளும் அளவுக்குள் ஆகக்கூடியதை அறுவடை செய்யலாம் என்பது அதன் சாரம். 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்டச் சமவாயத்திலும் அது இடம்பெற்றுள்ளது. எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு இக்கருத்து விடை கூறும். யார் பிடிப்பது, எக்கருவியாற் பிடிப்பது, ஈட்டம் யாரைச் சேர்வது என்பவற்றுக்கு விடை கூறாது. இங்குதான் அரசியற் பொருளாதாரம் தேவைப்படுகின்றது. மூலதனத்தின் முதற்பாகத்தில் உழைப்புச் செயன்முறையை ஆராயுமிடத்து, இன்னும் பிடிபடாத மீனையும் உற்பத்திச் சாதனமாகக் கொள்ளவேண்டியதன் காரணத்தை மார்க்ஸ் ஓர் அடிக்குறிப்பிலே விளக்குகின்றார். அவ்வாறு நோக்கின், கடற்பாதுகாப்பு என்பது உற்பத்திச் சாதனத்தின் மீதான உரிமை பற்றிய கேள்வியாகின்றது.

கோடை யாருடைய கோடை?

கற்கைநெறியின் காலவரையறையும் சிந்தனைக்குரியது. ஐரோப்பிய, வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நீண்ட விடுமுறையே கோடைகாலக் கற்கையின் காலத்தை நிருணயித்தது. தீவகத்து மீனவரின் ஆண்டோ காற்றுகளாற் பகுக்கப்படுவது: சோழகம், கச்சான், வாடை, கொண்டல். வைகாசி முதல் புரட்டாதி வரை சோழகம் வீசும். ஐப்பசி தொட்டு வாடை. காற்றோடு நீரோட்டமும், அதனோடு மீனும், மீனோடு மனிதரும் இடம்பெயர்வர். ஒரு சோழகத்தில் மட்டும் வந்து அளந்து செல்பவர் ஆண்டின் ஒரு பாதியையே காண்பர்.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. 1973இல் வெளிவந்து 1978இல் திரைப்படமாகிய அது, வாடைக் காலத்திலே நெடுந்தீவுக்கு வந்து வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவருக்கும் உள்ளூராருக்கும் இடையிலான உறவையும் பகையையும் பொருளாகக் கொண்டது. ஆசிரியர் புவியியல் கற்றவர் என்பது கருதத்தக்கது. காற்று, மீன், வாடி, சம்மாட்டி, கூலியாள் என்னும் கண்ணிகள் அங்கு ஒன்றோடொன்று தொடர்புற்று நிற்கின்றன. நாவலின் காதற்கதை சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். ஆயினும் கடல்வளத்தின் மீதான போட்டி எவ்வாறு பருவத்தோடும் உரிமையோடும் பிணைந்தது என்பதை உணர்த்துவதில் அந்நாவல் பல பாடநூல்களிலும் மேலானது. கடற்பாதுகாப்பைப் பயிலும் மாணவர் இத்தகைய ஆக்கங்களையும் பாடமாகக் கொள்ளல் வேண்டும் என்பது எமது கருத்து.

இழுவைமடியும் வர்க்கமும்

பாக்குநீரிணைக் கடல் சராசரியாகப் பத்து மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. பாரமேற்றிய அடிக்கயிற்றோடு தரையை உழுது செல்லும் இழுவைமடி, அகப்பட்டதனைத்தையும் வாரிக்கொள்ளும், கடற்புல்லைப் பெயர்க்கும், விலைபோகாத சிறுமீன் கோழித்தீனுக்கும் உரத்துக்கும் செல்லும். இக்கருவி இப்பகுதியின் பழைய தொழில்முறைகளில் இருந்து வளர்ந்ததன்று. 1952இல் கேரளத்தின் நீண்டகரையை மையமாகக்கொண்டு தொடங்கிய இந்திய - நோர்வே திட்டமும், அதனைத் தொடர்ந்த இறால் ஏற்றுமதியும், அரச மானியங்களும் தென்னிந்தியக் கரைகளில் இழுவைப்படகைப் பெருகச் செய்தன.

வடபகுதி மீனவர் 1983 முதல் 2009 வரை போரினாலும் கடற்றடைகளினாலும் தொழிலிழந்து நின்றனர். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே தீவக மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர். போர் ஓய்ந்து வலையோடு அவர்கள் கடலுக்கு மீண்டபோது, இராமேசுவரம் முதலிய துறைகளின் இழுவைப்படகுகள் அங்கு நிலைபெற்றிருந்தன. கிழமையில் மூன்று நாட்கள், திங்கள், புதன், சனி ஆகிய தினங்களில், அவை வருமென அஞ்சிச் சிறுமீனவர் வலைவிடாது கரையிலிருக்கும் நிலை உருவாயிற்று. ஓரிரவில் அறுபடும் வலை ஒரு குடும்பத்தைப் பல மாதக் கடனில் ஆழ்த்தவல்லது.

இப்பிரச்சினையை இரு நாட்டுப் பிணக்காகவோ, தமிழருக்கிடையிலான உடன்பிறப்புப் பூசலாகவோ காட்டுவது பெருவழக்கு. இரண்டும் உண்மையை மறைப்பன. இழுவைப்படகின் உரிமையாளர் பெரும்பாலும் கரையில் இருப்பவர். கடலுக்குச் செல்பவர், பிடிபாட்டிற் பங்கோ கூலியோ பெறும் தொழிலாளர். கைதாவதும் சிறைப்படுவதும், சிலவேளை உயிரிழப்பதும் அத்தொழிலாளரே. மறுபுறத்தில், குருநகர், பேசாலை போன்ற எமது துறைகளிலும் உள்ளூர் இழுவைப்படகுகள் இருந்தமையை நாம் மறத்தலாகாது. இலங்கையில் 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அடியிழுவையை முற்றாகத் தடைசெய்தது. தமிழ்நாட்டிலே கிழக்குக்கரைக்குரிய தடைக்காலம் அதே ஆண்டில் 45 நாட்களிலிருந்து 61 நாட்களாக நீட்டப்பட்டது: ஏப்பிரல் 15 முதல் ஜூன் 14 வரை. அக்கோடை இரு மாதங்களும் கடல் சற்று இளைப்பாறும். தடை நீங்கியதும் பழைய நிலை திரும்பும்.

நம்பிக்கைக்கு இடமளிக்கும் நிகழ்வுகளும் உள. 2004இலும் 2010இலும் இரு கரை மீனவர் பிரதிநிதிகள் நேரிற் சந்தித்தனர். இழுவைமடியைப் படிப்படியாகக் கைவிடவேண்டும் என்பது அப்பேச்சுகளிலே கொள்கையளவில் ஏற்கப்பட்டது. அது நிறைவேறாமற் போனமைக்கு அறிவின்மை காரணமன்று. கடனும் முதலீடும் சந்தையும் கட்டிவைத்த ஒரு பொறியிலிருந்து மீளும் வழி அமைக்கப்படாமையே காரணம்.

ஓருயிர், இரு சட்டங்கள்

பாதுகாப்பு என்பது இயற்கையால் விதிக்கப்பட்டதன்று, சமூகத்தால் தீர்மானிக்கப்படுவது என்பதற்குக் கடலட்டை சிறந்த உதாரணம். மண்ணைத் தின்று கழித்துக் கடற்றரையைப் பண்படுத்தும் இவ்வுயிர், 2001 முதல் இந்தியாவில் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. அதனைப் பிடிப்பது குற்றம். நீரிணையின் இக்கரையிலோ அது அனுமதிபெற்றுப் பிடிக்கவும் வளர்க்கவும் ஏற்றுமதி செய்யவும் கூடிய பண்டம். அண்மைக்காலத்தில் வடபகுதிப் பரவைக்கடல்களில் வலையடைத்த கடலட்டைப் பண்ணைகள் பெருகியுள்ளன. 2021இற் பூநகரியின் கௌதாரிமுனையில் அமைந்த பண்ணையொன்று மீனவரின் எதிர்ப்பை எதிர்கொண்டது. வருமானமும் வேலைவாய்ப்பும் இதன் பயன்கள் எனக் கூறப்படுகின்றது. அவற்றை முற்றாக மறுப்பதற்கில்லை. ஆயின் பொதுவாயிருந்த பரவைக்கடல் வேலியிடப்படும்போது, களங்கட்டி போடுபவரும் கரையோரம் மட்டி பொறுக்கும் பெண்களும் வள்ளம் தாங்குபவரும் எங்கே செல்வர் என்ற வினா எஞ்சி நிற்கின்றது. நிலப்பிரபுத்துவம் சிதைந்த இங்கிலாந்தில் பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட வரலாற்றைக் கற்றோருக்கு இது புதிதன்று.

பாதுகாப்பின் பெயராலும் வேலிகள் எழலாம். தமிழ்நாடு அரசு 2022இல் பாக்குநீரிணையில் 448 சதுர கிலோமீற்றர்ப் பரப்பை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. ஆவுளியா அழியாதிருக்க இத்தகைய ஏற்பாடு தேவை. அது இழுவைமடியைத் தடுக்கும் அரணாகுமா, சிறுமீனவரைத் தடுக்கும் வேலியாகுமா என்பதை முடிவெடுக்கும் அவையில் மீனவருக்குள்ள இடமே தீர்மானிக்கும்.

மரபறிவு பற்றிய ஓர் எச்சரிக்கை

இதுவரை கூறியவற்றால் மீனவரின் மரபறிவே போதுமென நாம் வாதிடுவதாகக் கொள்ளலாகாது. மரபு சாதியினாலும் பாலினாலும் பிளவுண்டது. கடலில் உழைப்பதை இழிவெனக் கருதியது யாழ்ப்பாணத்து வேளாண் மேலாதிக்கம். பொதுவளம் என்று சொல்லப்பட்டவை யாவும் யாவருக்கும் பொதுவாய் இருந்ததில்லை. 1971இல் இதே புங்குடுதீவிற் கோயிற் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் நீரள்ளும் உரிமைக்காக எழுத்தாளர் மு. தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுப் பொலிசாரின் தாக்குதலுக்கு ஆளானார். அவரது கருத்துமுதல்வாத நோக்கோடும் மார்க்சியம் பற்றிய கணிப்போடும் எமக்கு உடன்பாடில்லை. ஆயின் நீர் யாருக்குரியது என்னும் கேள்வியை நடைமுறையில் எழுப்பியவர் அவர் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. கிணற்றுக்குக் கேட்ட கேள்வியைக் கடலுக்கும் கேட்க வேண்டியுள்ளது.

மரபறிவும் நவீன அறிவியலும் ஒன்றையொன்று திருத்தும் நிலை போராட்டத்திலேயே உருவாகும். கேரளத்தில் மீன்தொழிலாளரின் நெடிய போராட்டத்தின் பயனாகவே 1988இல் மழைக்கால இழுவைத்தடை நடைமுறைக்கு வந்தது. அறிவியற் குழுக்களின் ஆய்வுகள் அப்போராட்டத்தின் அழுத்தத்தில் அமைந்தவை. 1989இல் ஏப்பிரல் 2 முதல் மே 1 வரை, நீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்னும் முழக்கத்துடன் இந்தியாவின் இரு கரைகளிலுமிருந்து மீன்தொழிலாளர் கன்னியாகுமரிக்கு நடந்தனர். அந்தக் கோடை ஒரு மாதமும் அவர்கள் நடத்தியது மிகப்பெரியதொரு கடற்பாதுகாப்புக் கற்கைநெறியே என்று கூறின் மிகையாகாது.

முடிவுரை

இறுப்பிட்டி போன்றதொரு கரையிலே கடற்பாதுகாப்புக் கற்கைநெறியொன்று அமையுமாயின் அதற்கு மூன்று நிபந்தனைகள் இன்றியமையாதன. முதலாவது, அது ஒரு பருவத்தோடு முடியாது சோழகத்திலும் வாடையிலும் மீளவந்து அளத்தல் வேண்டும். இரண்டாவது, களங்கட்டி போடுபவரும் மீன் தெரிக்கும் பெண்களும் தகவலாளராக அன்றி ஊதியம் பெறும் ஆசிரியராக அதில் இடம்பெறல் வேண்டும். பெறப்படும் தரவுகள் தமிழில் எழுதப்பட்டு அவர்களின் சங்கங்களிடம் கையளிக்கப்படல் வேண்டும். மூன்றாவது, கடற்புல்லை அளக்கும் மாணவர் படகின் கடனையும் பிடிபாட்டின் பங்கீட்டையும் அளக்கக் கற்றல் வேண்டும்.

அளவைநாடா இல்லாத போராட்டம் எதிராளியின் புள்ளிவிவரத்துக்கு மறுமொழி கூறவியலாது திணறும். போராட்டத்தோடு தொடர்பற்ற அளவைநாடாவோ அழிவைத் துல்லியமாகப் பதிவுசெய்வதோடு ஓய்ந்துவிடும். இவ்விரண்டையும் இணைக்கும் பணி எமது பல்கலைக்கழகங்களுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் பொதுவானது. அதனைத் தொடங்குவதற்கு வேண்டிய அறிவும் அனுபவமும் இக்கரையிலேயே உள்ளன என்பது எமது துணிபு.